மண்டோர் இல்லாத வட்டம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோங்கில் யாரும் யாருக்கும் அந்நியரில்லை. யார் வீட்டுக் காரை வங்கி இழுத்துக்கொண்டு போனது, தாய்வீட்டுக்குப் போன யார் மருமகள் இன்னும் திரும்பவில்லை, யாருடைய மகன் எந்தக் கடை வாசலில் போதையில் கிடந்தான் என்பதெல்லாம் இரவுச் சந்தையில் கீரை வாங்கி முடிப்பதற்குள் காதில் விழுந்துவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. இந்த ஊரில் மனநலக் குழு சிகிச்சை நடத்தப்போகிறேன் என்றபோது கோலாலம்பூரில் இருக்கும் சக ஆலோசகர்கள் சிரித்ததற்கு அதுதான் காரணம்.

அவர்கள் சிரிப்பில் நியாயம் இருந்தது. குழுவில் ஏழெட்டுப் பேர் இருக்க வேண்டும், அவர்கள் முன்பின் அறியாதவர்களாக இருந்தால் நல்லது, அறைக்கு வெளியே சந்தித்து உறவாடாமல் இருந்தால் இன்னும் நல்லது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1970இல் எழுதிய பாடநூலிலிருந்து இந்தத் துறைக்கு வந்த பாடங்களில் இவையும் சேரும். பீடோங்கில் முன்பின் அறியாத ஏழு பேர் வேண்டுமென்றால் விமான நிலையத்துக்குத்தான் போய்ப் பிடித்துவர வேண்டும்.

ஆனாலும் தொடங்கினோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போதாது, காதுகுத்துக்குத் தாராளம். ஞாயிறு மாலையில் அது சும்மா கிடக்கும். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். கைப்பேசிகளைப் போட்டு மூடி வைக்க ஒரு பழைய ரொட்டி டின். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, வாரியத்தில் பதிவு செய்யாத எவரும் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. நான் முறையாகப் பதிவு செய்தவள். சான்றிதழைச் சுவரில் மாட்டியும் இருக்கிறேன். அதை இதுவரை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும் பெண் யாராக இருந்தாலும் இந்த ஊரில் டீச்சர்தான். நானும் டீச்சர் ஆகிவிட்டேன்.

வந்தவர்களைப் பற்றி எழுத அவர்களிடமே கேட்டுக்கொண்டேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம்பெண், லாரி ஓட்டுநர், மகனை இழந்த பாட்டி, குடிகாரக் கணவரோடு வாழும் இரண்டு அக்காமார், இன்னும் ஓரிருவர். இவர்களில் யாருமே ‘சிகிச்சை’ என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. டீச்சர் கூப்பிட்டார், வந்தோம். அவ்வளவுதான்.

முதல் சில மாதங்களில் நடந்ததைத்தான் இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வட்டமாக உட்கார்ந்தாலும் எல்லோர் முகமும் என்னையே பார்த்திருந்தது. பாட்டி தன் துக்கத்தை என்னிடம் சொன்னார். அக்கா தன் கணவரைப் பற்றிய புகாரை என்னிடம் சொன்னார். லாரி ஓட்டுநர், பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரைப் பற்றிக்கூட என்னிடம்தான் சொன்னார்: “டீச்சர், இவர் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.” இவர் என்றால் அரை முழத் தூரத்தில் இருப்பவர். அவரும் ஓட்டுநரைத் திரும்பிப் பார்க்காமல் என்னிடமே பதில் சொன்னார்.

எனக்கு இது புதிதல்ல. என் தாத்தா தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களுக்கு மேஸ்திரியாக, இருந்தவர். விடிவதற்கு முன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில், பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு நிரை மரம் பிரித்துக்கொடுத்து, வராதவர் யார் என்று கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்வது அவர் வேலை. கிராணி தோட்ட நிர்வாகியான துரையிடம் சொல்வார். துரையின் கோபம் அதே படிகளில் இறங்கி வரும். அடுத்தடுத்த லயத்து வீட்டுக்காரர்களுக்குள் கோழியால் சண்டை வந்தால்கூட இருவரும் தனித்தனியாகத் தாத்தாவிடம் வந்து முறையிடுவார்கள்; ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். அவருக்கும் முந்தைய தலைமுறையில் கங்காணிகள். ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்து, வேலைக்கு நின்ற ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு வாங்கியவர்கள். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தபோது ஆள் கட்டுவது நின்றது. நடுவில் ஓர் ஆளை நிறுத்திப் பேசும் பழக்கம் நிற்கவில்லை. கோயில் நிர்வாகத்தில் பாருங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் பாருங்கள், அரசியல் கட்சிக் கிளையில் பாருங்கள். தலைவர் ஒருவர் இருப்பார். எல்லோரும் அவரோடு நெருக்கம், தங்களுக்குள் நெருக்கமில்லை. அவர் போனால் சங்கமும் போய்விடும்.

ஆக, மண்டபத்தில் நான் உட்கார்ந்திருந்தது மண்டோரின் நாற்காலி. நானாக அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் மரியாதையோடு கொண்டுவந்து போட்டார்கள், தேநீர் முதலில் எனக்கு வந்தது, மின்விசிறியும் என் பக்கமே திரும்பியிருந்தது.

இது நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைத்துவிட வேண்டாம். வில்ஃப்ரட் பையான் என்ற ஆங்கிலேய உளப்பகுப்பாய்வாளர், 1897இல் வட இந்தியாவின் மதுராவில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனின் டாவிஸ்டாக் மருத்துவமனையில் குழுக்களை நடத்தினார். எதிரே இருந்தவர்கள் படித்த வெள்ளைக்காரர்கள். அவர் பாடம் எடுப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசினால், இப்போது இந்த அறையில் என்ன நடப்பதாகத் தோன்றுகிறது என்பதை மட்டும் சொன்னார். அவர்களுக்கு எரிச்சல் வந்தது. குழு என்று கூடிய உடனே, தங்களைக் காப்பாற்ற ஒருவர் வந்திருக்கிறார் என்பதுபோல மனிதர்கள் நடந்துகொள்கிறார்கள். அல்லது யாரோடாவது சண்டை போடவோ யாரிடமிருந்தாவது ஓடவோதான் கூடியிருப்பதுபோல நடந்துகொள்கிறார்கள். அல்லது இருவரைச் சேர்த்து வைத்து அவர்களிடமிருந்து விடிவு பிறக்கும் என்று காத்திருக்கிறார்கள். இதைத்தான் அவர் 1961இல் வந்த தம் நூலில் விரித்து எழுதினார். அதைப் படிக்கும்போது எனக்கு லண்டன் கண்ணுக்குத் தெரியவில்லை. பெரட்டுக் களம்தான் தெரிந்தது. என்ன, எங்கள் பக்கத்தில் அந்தக் காத்திருப்புக்குச் சம்பளப் பட்டியலும் இருந்தது.

பையானைப் போல மௌனமாக இருந்து பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. தேவையும் இல்லை என்பது என் எண்ணம். பேசாத தலைவரை நம்மவர்கள் ஞானி என்று எண்ணிக் காலில் விழுந்துவிடுவார்கள். நான் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். யாராவது என்னிடம் ஒன்றைச் சொன்னால், “இதைக் கேட்டபோது இங்கே வேறு யாருக்காவது நெஞ்சில் ஏதாவது தட்டியதா?” என்று கேட்பேன். அடுத்தவரைப் பற்றி என்னிடம் புகார் சொன்னால், “அவர் இங்கேதான் இருக்கிறார், அவரிடமே சொல்லுங்கள்” என்பேன். வாரா வாரம் வேறு நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறியைக் கூரைப் பக்கம் திருப்பினேன்.

இதில் பெரிய தடை எது தெரியுமா? அறிவுரை. ஒருவர் வாய் திறந்து துக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் பரிகாரம் சொல்லிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை விளக்குப் போடு. பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள். அந்த மருத்துவரிடம் போ, கைராசிக்காரர். புதிதாகக் கூடும் எந்தக் குழுவிலும் அறிவுரை பெருகும், உலகமெங்கும் அப்படித்தான். அதைக் கேட்டு யாரும் திருந்துவதில்லை. அறிவுரை சொல்பவர் எதையோ கேட்கப் பயப்படுகிறார், அதனால் அவசரமாக மூடுகிறார் என்பது என் கணிப்பு. எங்கள் பாட்டி மகனைப் பற்றிப் பேச வாயெடுத்தபோதெல்லாம் யாராவது ஒருவர், “எல்லாம் விதி, பாட்டி” என்று மூடிவிடுவார்.

யாலோம் தம் குழுக்களில் ஒரு பயிற்சி செய்ததாகச் சொல்வார். இதுவரை யாரிடமும் சொல்ல விரும்பாத ஒன்றைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொல்வார். அடிக்கடி வரும் பதில், உள்ளுக்குள் நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்பதுதானாம். அடுத்தது, யாரோடும் எனக்கு உண்மையான ஒட்டுதல் இல்லை என்பது. நாங்களும் செய்து பார்த்தோம். சீட்டுகளை ரொட்டி டின்னில் போடுவதாக ஏற்பாடு. பாட்டிக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர். பக்கத்தில் இருந்த இளம்பெண், “நான் எழுதித் தருகிறேன் பாட்டி, காதில் சொல்லுங்கள்” என்றாள். பாட்டி யோசித்தார். “உன் காதில் சொல்வதற்கு எல்லோர் காதிலும் சொல்லிவிடலாம்” என்றார். பிறகு சொன்னார்: மகன் செத்த அன்று தனக்கு அழுகை வரவில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கை இனி இல்லை என்று நிம்மதியாக இருந்தது. ஊரார் பார்க்கிறார்களே என்று மாரடித்து அழுதாராம்.

என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரும் வழக்கம்போல என்னைத்தான் பார்த்தார்கள். ஓட்டுநர் மட்டும் பார்க்கவில்லை. நாற்காலியைப் பாட்டி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். “அம்மா, எங்கள் அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்று நான் கடையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். இரண்டு பொட்டலம்” என்றார். பாட்டி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, “கோழியா, ஆடா?” என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்தபோது பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அரைமணி நேரத்தில் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அவ்வளவு பெரிய தனிமை எப்படி இருந்தது என்ற கேள்விக்கு விடை எனக்கு அங்கேதான் கிடைத்தது. பாட்டியின் மகன் குடித்ததும், அடித்ததும், செத்ததும் ஊருக்கே தெரியும். ஊர் அறிந்தது அவருடைய செய்தியை. அவரை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துவைத்திருப்பதால் கேட்க வேண்டிய அவசியமே இங்கே யாருக்கும் வருவதில்லை. முன்பின் அறியாதவர்களைச் சேர்த்தால்தான் குழு நடக்கும் என்ற பாடம் பீடோங்குக்குப் பொருந்தாது என்று இப்போது துணிந்து சொல்வேன். அறிந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களைத்தான் இங்கே கூட்டி உட்கார வைக்க வேண்டும்.

குடி பற்றிப் பேசாமல் எங்கள் குழுவைப் பற்றி எழுத முடியாது. இதே பீடோங் பக்கத்தில், இன்று கோல்ஃப் மைதானம் இருக்கும் ஹார்வார்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் அது பரவியது. கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். 1947இல் போலீஸோடு மோதலாகி உயிர்ச்சேதம்வரை போனது. எங்கள் பெரியவரின் தகப்பனார் அந்தப் படையில் இருந்தவர். “அப்பா கள்ளுக்கடைக்கு வெளியே நின்றார், நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தப் படையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கூலியை மதுவாக மாற்றித் தோட்டத்துக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை எதிர்த்து நிற்கப் படைதான் வேண்டும். ஆனால் குடியை விட முடியாதவன் ஒருவன் படை வரிசையில் நின்றால், அவன் தன் நடுக்கத்தை யாரிடம் சொல்வான்?

அந்தக் கேள்விக்கு ஒரு விடை, நம்பினால் நம்புங்கள், ரப்பரோடு சேர்ந்து கிடக்கிறது. அமெரிக்காவின் அக்ரோன் நகரம் அப்போது உலகின் ரப்பர் தலைநகர் என்று பெயரெடுத்தது. பெரிய டயர் நிறுவனங்கள் பலவும் அங்கேதான். 1935இல், குடியை விடப் போராடிக்கொண்டிருந்த பில் வில்சன் என்ற பங்குத் தரகர், ரப்பர் இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்றைக் கைப்பற்றும் வேலையாக அங்கே போய்த் தோற்றுப்போனார். ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறு பக்கம் தொலைபேசி. தன்னைக் காப்பாற்ற ஒரு மருத்துவரையோ பாதிரியாரையோ அவர் தேடவில்லை. தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால்மணி நேரம் மட்டும் தருவதாகச் சொல்லி வந்த அந்த மருத்துவர் பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அங்கே பிறந்தது. நம் பாட்டனார்கள் வெட்டிய பால் டயராகிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த டயர் நகரத்தில், இரண்டு குடிகாரர்கள் நடுவில் ஆள் வைக்காமல் பேசிக்கொண்டார்கள். பெரியவருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த டாக்டர் அதற்குப் பிறகு குடிக்கவேயில்லையா?” ஒருமுறை சறுக்கினார் என்றேன். “அப்படியென்றால் சரி” என்றார், ஏதோ சொந்தக்காரர் ஒருவரின் நலத்தை விசாரித்த நிம்மதியில்.

எல்லாம் இப்படிச் சுமுகமாகவே போனது என்று எழுதினால் அது பொய். எங்களுக்கு வந்த பெரிய சண்டை இரவுச் சந்தையில் பிறந்தது. இரண்டு அக்காமாரில் ஒருவர் மற்றவரைப் பார்த்து, அன்பு மிகுதியில், “இப்போது வீட்டில் பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டார். மற்றவர் பக்கத்தில் மாமியார் நின்றார். அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி எல்லாக் குழுக்களிலும் உண்டு. எங்களுக்கு அது போதவில்லை, ஏனென்றால் அந்த அக்கா எதையும் வெளியே சொல்லவில்லை, நலம்தான் விசாரித்தார். அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள், எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

குழுக்கள் கூடும், மோதும், பழகும், பிறகு வேலை செய்யும் என்று 1965இல் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் வகுத்த கட்டங்களை மேலாளர் பயிற்சிகளில் இன்று யார் வேண்டுமானாலும் ஒப்பிப்பார்கள். அவர் அதை ஐம்பது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தொகுத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. காகிதத்தில் ‘மோதல்’ என்பது ஒற்றைச் சொல். மண்டபத்தில் அது, “உனக்கு என்னைப் பார்த்துப் பரிதாபம், அதுதான் எனக்கு வலிக்கிறது” என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்வது. மற்றவர் எழுந்து போகவில்லை. “எனக்குப் பரிதாபம் இல்லை, என் வீட்டிலும் அதுதானே நடக்கிறது, உன்னைக் கேட்டால் எனக்குத் தைரியம் வருகிறது” என்றார். மாமா முறை வேண்டியவர் ஒருவர் சமாதானம் பண்ணப் புறப்பட்டார். தொழிற்சாலைப் பெண், “மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா” என்று மிகப் பணிவாகத் தொடங்கி, அவரை அப்படியே உட்கார வைத்துவிட்டாள்.

அன்று முதல் எங்களுக்கு ஒரு தனி விதி உண்டு. வெளியே பார்த்தால் விலைவாசி பேசலாம், மழை பேசலாம். நலம் மட்டும் விசாரிக்கக் கூடாது. இந்த விதியை வைத்தது நான் அல்ல. அவர்களே பேசி முடித்தார்கள்.

தலைவர் ஒதுங்கிக்கொள்வதால் குழு கற்றுக்கொள்கிறது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் போன்றவர்களுக்குப் பயிற்சி நடத்தினார். பகலில் குழுக்கள் பேசும். இரவில் பயிற்சியாளர்கள் தனியே கூடி யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அலசுவார்கள். பங்கேற்பாளர்கள் சிலர் அந்த இரவுக் கூட்டத்தில் வந்து உட்காரலாமா என்று கேட்டார்கள். லெவின் சம்மதித்தார். தன்னைப் பற்றி ஆய்வாளர் சொன்னதைக் கேட்ட ஒரு பெண், “அப்படி நடக்கவில்லை” என்று மறுத்தார். அந்த மறுப்பிலிருந்துதான் பயிற்சிக் குழு என்ற முறையே வளர்ந்தது. நம் ஊரில் நாலு பேர் கூடிப் பேசி முடிவெடுத்து, பிறகு பொதுக்கூட்டம் போட்டுக் கைதட்டச் சொல்லும் நிர்வாகக் குழுக்களை நினைத்தால் எனக்கு இந்தக் கதை இன்னும் பிடித்துப்போகிறது.

குழுவால் ஆகாதவை நிறைய உண்டு. சம்பளத்தை இழுத்தடிக்கும் முதலாளியைக் குழு திருத்தாது. அடிக்கிற கையைத் தடுக்க போலீஸ் வேண்டும், காதில் குரல் கேட்பவருக்கு மருத்துவமனை வேண்டும். அப்படிப்பட்டவர்களை நான் நேராக அங்கே அனுப்பிவிடுகிறேன். மலேசியாவில் தற்கொலை முயற்சி 2023வரை தண்டனைக்குரிய குற்றம். குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்ட பிறகும், “செத்துவிடலாம் என்று தோன்றுகிறது” என்பதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் பக்கத்து ஆட்கள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன்: இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் மற்றவர்களிடம் பேச வேண்டி வரும், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்.

சமீபத்தில் ஒரு பயிற்சிக்காக நான் கோலாலம்பூர் போனபோது, அந்த வாரம் கூட்டம் இல்லை என்று சொல்லியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நான் இல்லாமலே கூடியிருக்கிறார்கள். சாவியைப் பெரியவர் வாங்கியிருக்கிறார், தேநீரை ஓட்டுநர் போட்டிருக்கிறார், சர்க்கரை அதிகம் என்று எல்லோருக்கும் குறை. இரண்டு தீர்மானங்கள் வேறு. தீபாவளிவரை புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்பது ஒன்று. இனி மாதத்தில் ஒரு ஞாயிறு டீச்சர் வரவேண்டாம் என்பது மற்றது. முதலாவதை ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதில் பொறுப்பு, பதிவு, யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று ஒரு முழுப் பட்டியலே வைத்திருக்கிறேன். பாட்டி அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, “இதை எங்கள் எல்லோரிடமும் சொல், ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம்” என்றார். பட்டியலோடு போகப்போகிறேன். ஓட்டுநர் என் பக்கம், இளம்பெண் எதிர்ப்பக்கம். பெரியவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று இன்னும் பிடிபடவில்லை.